பெலி அக்கா யாருக்கும் எதுவும் சும்மா தந்ததில்லை

செல்ல மகள் ரியாலினுக்கு,

உன் அப்பாவின் முழங்காலையும் ஒழுகும் கூரையையும் தவிர்த்துப் பார்த்தால் இங்கே எல்லோரும் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு நலமாக இருக்க வேண்டும் என்று குழந்தை யேசுவிடம் தினமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஏம்மா எல்லாத்துக்கும் எஸ் எஸ்னு சொன்னே?" என்று கேட்டாய். நான் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. போனில் விளக்கலாம் என்றால் உன் அப்பா நடுவில் புகுந்து என்னைத் திருத்துவார், அதனால்தான் எழுதுகிறேன். நீ கிளம்பிய வாரம் ரொட்டிக்கடை பெலி அக்கா தன் கடை வாசலில் பேனர் கட்டினாளே, கையில் பந்தோடு நீ, பக்கத்தில் உன்னைவிடப் பெரிதாக ஊர்த் தலைவர் நெஸ்டர், கீழே "அமெரிக்கக் கல்லூரியில் கூடைப்பந்து ஆடப்போகும் எங்கள் ரியாலின், இவள் வளர்ந்தது எங்கள் ரொட்டியில்" என்று. அதை எவனோ பேஸ்புக்கில் போட, உங்கள் கல்லூரியில் ஆட்டக்காரர்களின் தகுதி பார்க்கிற மிஸ் டெனிஸ் கண்ணில் பட்டுவிட்டது. காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்துக்கு நின்றாயா என்று விசாரிக்கத்தான் என்னை வீடியோவில் கூப்பிட்டாள். வெளிநாட்டிலிருந்து ஆட வந்த பிள்ளைகள் அப்படிக் காசோ பொருளோ வாங்கினால் ஆட விடமாட்டார்களாம். எனக்கு அது எங்கே தெரியும்? கோயிலுக்குப் போடுகிற கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், பின்னால் பாதித் தெரு நின்றது. அவள் கடகடவென்று என்னவோ கேட்டாள். சிரித்துக்கொண்டே எஸ் என்றேன். மறுபடி கேட்டாள், மறுபடி எஸ். கடல் தாண்டிக் கூப்பிட்டவளை, முகத்துக்கு நேரே, புரியவில்லை என்று எப்படிச் சொல்வது? நம் ஊரில் யார் சொல்வார்கள்? மொத்தம் ஏழு எஸ். முடிந்ததும், இங்கிலீஷ் பேசினால் நமக்கெல்லாம் மூக்கில் ரத்தம் வரும் என்று ஊரோடு சேர்ந்து கேலி பேசும் உன் அப்பாவிடம், "இங்கிலீஷ்ல பேசியும் மூக்குல ரத்தம் வரல பாத்தீங்களா" என்று பெருமையடித்தேன். பிறகு நீ சொல்லித்தான் தெரிந்தது, காசு வாங்கினாளா, எஸ், ஒப்பந்தம் இருக்கிறதா, எஸ், இனியும் வாங்குவாளா, எஸ். இந்த வருடம் முழுக்க உன்னைப் பெஞ்சில் உட்காரவைக்க உன் அம்மா ஒருத்தி போதும்.

மிஸ் டெனிஸ் நல்லவள், பத்து நாள் கொடுத்தாள். ரொட்டிக்கடைக்காரி எதுவும் தரவில்லை என்பதற்கு எழுத்தில் சான்று வேண்டும், அவளே வந்து சொல்லவும் வேண்டும். உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். நேற்றைய ரொட்டியை இன்றைய விலைக்கு விற்கிறவள் பெலி அக்கா, இதைவிடச் சுலபமான சாட்சி உண்டா என்றார். நெஸ்டரும் உடனே சான்றிதழ் தயார் செய்தார். மேற்படி ரொட்டிக்கடை பெலிசிதாஸ் என்பவர் நானறிந்த வரையில் யாருக்கும் எதுவும் சும்மா தந்ததில்லை என்று முத்திரை குத்தி, ஊரார் கையெழுத்துக்கு இடம் விட்டு மேசையில் வைத்தார். நாற்பத்து மூன்று பேர் வரிசையில் நின்று போட்டார்கள், பக்கத்து ஊரிலிருந்துகூட ஒருவர் வந்தார். என்ன வரிசை என்று பார்க்க வந்த பெலி அக்கா அதைப் படித்துவிட்டாள். நீ போனதிலிருந்து பாதிரியாரிடமும் பஸ் கண்டக்டரிடமும் "என் காசுல அமெரிக்கா போன புள்ள" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். "ஊரே கையெழுத்துப் போடுற அளவுக்கு நான் கஞ்சமாடா?" என்று கத்திவிட்டுப் போய்க் கடையைச் சாத்தினாள். மூன்று நாள் ஊரில் ரொட்டி இல்லை. வெறும் காப்பி குடித்தவர்கள் எல்லோரும் என்னை முறைத்தார்கள்.

நாலாம் நாள் காலை அவள் கொல்லைக் கதவைத் தட்டினேன். "அக்கா, குடுத்தேன்னு சொன்னா உங்களுக்குப் பேரு. குடுக்கலன்னு சொன்னாத்தான் எம் பொண்ணு ஆட முடியும்" என்றேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "அந்தப் புள்ள தெனம் காலையில பந்தைத் தட்டிக்கிட்டு என் கடை வாசல்லதான் ஓடும், வெறும் வயித்தோட. எனக்குத் தெரியும். ஒரு நாளு கூப்பிட்டு ஒரு ரொட்டி குடுத்திருக்கலாம், குடுக்கல. அதை மறைக்கத்தாண்டி பேனர் கட்டுனேன்" என்றாள். மாவுக் கையோடு அப்படியே எழுந்து வந்து, கேமரா முன்னால் மிஸ் டெனிஸிடம், "நோ மணி. நோ பிரெட். நத்திங்" என்று சொல்லிவிட்டுத் தேம்பினாள். அப்புறம் மிஸ் டெனிஸ் அதே கேள்விகளை என்னிடம் மெதுவாகக் கேட்டாள். நோ என்றேன். அந்த ஒரு சொல்லுக்கே எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது.

அப்போதுதான் உன் நினைப்பு வந்தது. ஆங்கிலத் தேர்வில் மிஷின் முன்னால் இரண்டு நிமிடம் பேச முடியாமல் நீ இரண்டு தடவை தோற்றபோது, "பந்துக்குத் துள்ளுற உடம்புல வாய் மட்டும் செத்துப்போச்சா" என்று திட்டினேனே. மூன்றாம் தடவை நீ தேறி வந்தபோதும் சபாஷ் என்று சொல்லவில்லை, மீனைக் கழுவச் சொன்னேன். தப்புதான், கண்ணு. என் மேல் வருத்தம் வைத்துக்கொள்ளாதே.

இதுவரை எழுதியபோது உன் செய்தி வந்தது, முதல் ஆட்டத்திலேயே இறங்கலாம் என்று! உன் அப்பா முழங்காலை மறந்து குதித்துவிட்டு இப்போது தைலம் தேடிக்கொண்டிருக்கிறார். பெலி அக்கா சூடாக ஒரு பை ரொட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், காசு வேண்டாமாம். யார் போட்டோ எடுப்பார்களோ, மிஸ் டெனிஸ் என்ன கேட்பாளோ என்று பையை அவள் கையிலேயே திணித்து, "நாலு வருஷம் பொறுங்கக்கா, அவ படிச்சு முடிக்கட்டும்" என்றேன். அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நாலு வருஷம் நான் இருக்கணுமேடி" என்றாள். அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

குழந்தை யேசு உன் காலுக்கும் மணிக்கட்டுக்கும் பலம் தரட்டும், எதிர் அணிப் பெண்களுக்கும் அடிபடாமல் இருக்கட்டும். யார் ஒரு காப்பி வாங்கித் தந்தாலும் மிஸ் டெனிஸைக் கேட்டுவிட்டுக் குடி. புரியாத எதற்கும் சிரித்துத் தலையாட்டாதே, அந்த வேலையை நம் வீட்டில் ஒருத்தி செய்து முடித்தாயிற்று.

ஏழு எஸ்ஸும் ஒரு நோவும் மட்டுமே தெரிந்த,
உன் அம்மா