இன்சுலினுக்கு இணங்காத உடம்பு

இலோயிலோ ஆஸ்பத்திரி, பிலிப்பைன்ஸ்
6 செப்டம்பர் 1994

அன்புள்ள நெனிதா,

இரண்டு வருஷமாக எழுதாத உன் புருஷன் படுக்கையிலிருந்து எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாவது படி.

போன மாதம் படகு மோட்டாரின் விசிறி என் தொடையைக் கிழித்துவிட்டது. கரை சேர்வதற்குள் ஏராளமாக ரத்தம் போய், ஐந்து பாட்டில் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டேன். ஆனால் காயம் வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது. சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கிறது. இன்சுலின் போட்டும் இறங்கவில்லை.

“எனக்கேது சர்க்கரை? காப்பியே இனிப்பில்லாமத்தான் குடிப்பேன்!” என்றேன். யார் கேட்கிறார்கள்? என் அப்பாவுக்குச் சர்க்கரையால் காலை எடுத்ததை நினைத்துப் பயந்து, சோற்றைத் தள்ளிவிட்டேன். “பட்டினி கெடந்தே சாவப் போறியா?” என்று துணைக்கு இருக்கும் லூர்து அக்கா திட்டுகிறாள்.

நீ நர்ஸ். உண்மையைச் சொல்.

டெல்ஃபின்

மஸ்கட்
19 செப்டம்பர் 1994

அன்புள்ள டெல்ஃபின்,

உன் கையெழுத்தைக் கண்டதும் எரிச்சல் வந்தது. படித்து முடித்ததும் துணி அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன்.

இது மாமாவுக்கு வந்த நோயாக இருக்காது. அவ்வளவு ரத்தம் போனால் உடம்பு மிரண்டுவிடும். ஈரல் சர்க்கரையைக் கொட்டும். தசைகள் இன்சுலினுக்கு இணங்காது. காயத்தின் அழற்சி அந்தப் பிடிவாதத்தை இன்னும் கூட்டும். விபத்தில் வருகிறவர்களிடம் இங்கே அடிக்கடி பார்க்கிறேன். காயம் ஆற ஆறப் பெரும்பாலும் அடங்கிவிடும். ஊசியை மறுக்காதே. டாக்டரைக் கேட்டுச் சோறும் மீனும் சாப்பிடு. பட்டினி கிடந்தால் காயத்தில் சதை எப்படிக் கூடும்?

நான் புறப்பட்ட அன்று நீ வழியனுப்பக்கூட வரவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

நெனிதா

கிமாராஸ் தீவு
10 அக்டோபர் 1994

அன்புள்ள நெனி,

சாப்பிட்டேன். காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிந்தது. ஊசி குறைந்துகொண்டே வந்து, போன வியாழன் நின்றேபோனது. வெறும் வயிற்றில் தொண்ணூற்றிரண்டு! “ஒடம்பு ஒருவழியா சமாதானமாயிடுச்சுப்பா” என்று டாக்டர் சிரித்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பாராம். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று வந்திருந்தால் ‘போகாதே’ என்று உன் கையைப் பிடித்திருப்பேன். அதற்குப் பயந்துதான் வீட்டிலேயே கிடந்தேன். தப்புதான், நெனி.

டெல்ஃபின்

மஸ்கட்
25 அக்டோபர் 1994

என் டெல்ஃபின்,

ஒப்பந்தத்தை நீட்டிக்கக் காகிதம் நீட்டினார்கள். “கையெழுத்துப் போடலையா?” என்று தலைமை நர்ஸ் கேட்டார். “வீட்டுக்காரர் காயத்த நானே பாக்கணும்” என்றேன்.

டிசம்பர் மூன்றாம் தேதி வருகிறேன். அதுவரை யார் கூப்பிட்டாலும் படகில் ஏறாதே.

உன் மனைவி,
நெனி