அதிராத அலுமாரி

இஞ்சாருங்கோ,

என் பின்னேர அமைதிக்கு விலையே கிடையாது. ஆனாலும், திருநாளுக்கு ட்ரம்பெட்டில் அந்த ஆக அடியில் உள்ள சுரத்தை ஊதிக்காட்டுவதாக நீங்கள் தந்த ஒரு வாக்குக்கு அதை விற்றேன்.

மீன் குழம்பு குசினியில் மூடி இருக்கிறது. ஐந்து மணிக்கு பேண்ட் மாஸ்டர் வருகிறார். அவர் கேட்டுத் தலையாட்டினால்தான் உங்களுக்கு பேண்டில் இடம்.

இனி என் சந்தேகம். நீங்கள் உதட்டைத் தளரவிட்டு அந்தச் சுரத்தைத் தேடினால் அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். இந்த வாரமோ பூட்டிய அறைக்குள் இருந்து சத்தம் சுத்தமாக வந்தது, கண்ணாடி அசையவில்லை. யாவாரி மகள் நான். சரக்கைத் தட்டிப் பார்க்காமல் விடுவேனா? ட்ரம்பெட்டின் ஊதுவாயைக் கழற்றி ஒளித்தேன். அதன் பிறகும் இரண்டு பின்னேரம் உள்ளே ட்ரம்பெட் முழங்கியது! போனில் யாரோ ஊதியதைப் போட்டுவிட்டு, பின்கதவால் படகுத்துறைக்குக் கரம்போர்ட் விளையாடத்தானே போனீர்கள்? கையெல்லாம் பவுடர். கேட்டால், "முகத்துக்குப் பூசினனான்" என்கிறீர்கள். அந்த முகத்தையும்தான் பார்த்தேன்.

"எருமை கத்துது எண்டு நீ சிரிச்சா என்ர உதடு இறுகுது" என்றீர்கள். சரி, ஆறு மணிவரை லிங்கநகரில் அக்கா வீட்டில் இருப்பேன். சிரிக்க ஆளில்லை.

ஜெசிந்தா

ஊதுவாய் அரிசி வாளிக்குள் கிடக்கிறது. கழுவிவிட்டு ஊதுங்கள்.

கணக்கு: என் சிரிப்பு ஒன்று, உங்கள் பொய் இரண்டு. கழித்தால் உங்கள் பக்கம் ஒன்று பாக்கி. அலுமாரி அதிர ஊதித் தீர்த்துவிடுங்கள்.