மாமா தடவிய கிரீஸ்

அன்பு மகள் சின்னுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைதான், சாட்சி கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, அதனால் பேச்சு கூடிவிட்டது. குளியலறைக் குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று பிரித்துப் போட்டு மூன்று நாளாகிறது, வீட்டில் வால்வு டெஸ்ட் பண்ணுகிறவள் ஒருத்தி இருக்கிறாளே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீ போன் பண்ணி, அம்மா, நம்ம மாமாதானே, ஒரே ஒரு தடவை கண்டும் காணாம விட்டுடேன் என்று கெஞ்சினாய், நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். என் தம்பி என்னிடம் நேராகக் கேட்காமல் அத்தனை தூரத்திலிருக்கும் உன்னைப் பிடித்தானே என்று கோபம். அவன் உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பான், முழுசையும் நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

எங்கள் அணுமின் நிலையத்தை நிறுத்தி வைக்கிற மாதத்தில்தான் வால்வு டெஸ்ட். உலைக்கு ஆபத்து என்றால் குளிர்ந்த தண்ணீரைத் திறந்துவிடுகிற குழாயில் ஒரு மோட்டார் வால்வு இருக்கிறது, என் உயரம் இருக்கும், வருஷம் முழுக்கச் சும்மா நிற்கும், ஆனால் கூப்பிட்ட அன்றைக்குத் திறந்தாக வேண்டும். அதனால் முதல் டெஸ்ட் யார் கையும் படாமல், இருந்தது இருந்தபடி. ஒயர்களை மாட்டி ஓட்டினால் மோட்டார் எவ்வளவு சிரமப்பட்டது என்று கம்ப்யூட்டரில் கோடு விழும். அதற்குப் பிறகுதான் துடைப்பது, கிரீஸ் தடவுவது எல்லாம். ஆபத்து வரும்போது, கொஞ்சம் இரு, கிரீஸ் தடவிட்டு வர்றேன் என்று யாரும் ஓட முடியாது இல்லையா.

உன் மாமா இருபது வருஷ மெக்கானிக், இந்த ஒழுங்கு அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஆனால் தலைமை மெக்கானிக் பதவிக்கு அவன் பெயர் மேலே போயிருந்த நேரம், அவன் பொறுப்பில் இருக்கிற வால்வு தேறாவிட்டால் எல்லாம் கெட்டுவிடுமே என்று பயந்து, காலையிலேயே வால்வைத் திறந்து மூடுகிற தண்டில் புது கிரீஸ் தடவி வைத்துவிட்டான். நான் ஓட்டினேன், கோடு வழுவழுவென்று வந்தது. இரண்டு வருஷம் யாரும் தொடாத வால்வு அப்படி ஓடாது. கையுறை விரலால் தண்டைத் தொட்டேன், மினுமினுவென்று ஒட்டிக்கொண்டது. திரும்பினால் உன் மாமா கூரையை ஆராய்ந்துகொண்டிருக்கிறான். நீயாடா என்றேன். உனக்கு டெஸ்ட் நல்லா வரணும்னுதான்க்கா என்றான், ஏதோ எனக்கு உபகாரம் பண்ணின மாதிரி.

எழுதினால் அவன் பதவி போய்விடும், எழுதாவிட்டால் கேட்க ஆளில்லை. அப்போது மணி நான்கு. ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன், அன்று சாயந்திரம்தான் உன் போன். உன் தம்பி, உன் கையெழுத்து, நான் நடுவுல வர மாட்டேன் என்று அப்பா எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எழுதிக் கொடுத்தேன், முதல் டெஸ்ட் செல்லாது, முன்னமே கிரீஸ் தடவியிருக்கிறது, தடவியவர் இன்னார் என்று.

அந்த வால்வு எப்படி இருந்தது என்று இனிக் கடவுளுக்கும் தெரியாது. அதனால் அடுத்த குழாயில் அதே இரண்டு வருஷமாக யாரும் தொடாமல் இருக்கும் அதன் ஜோடியை, இந்தத் தடவை பட்டியலிலேயே இல்லாததை, டெஸ்ட் பண்ணியே ஆக வேண்டும் என்று நின்றேன். மாமாவையும் கூட வரச் சொன்னேன். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசி வரை அப்படியே நின்றான். அந்த ஜோடி வால்வு நன்றாகவே தேறியது. அப்போ எழுதாமலே இருந்திருக்கலாமே என்று நீ கேட்பாய். இருந்திருக்கலாம்தான், நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கலாம், இப்போது நன்றாக இருக்கிறது என்று தெரியும். இதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை, நாளைக்கு நீயே தடவியிருந்தாலும் எழுதுவேன்.

பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. உன் மாமா மூன்று மாதம் புது ஆட்களோடு பயிற்சி வகுப்பில் பெஞ்சில் உட்கார வேண்டும். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான், நான் போய்ச் சமாதானம் சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் வந்தான். வா என்று சொல்வதற்குள், அன்றுதான் அவன் கைக்குக் கிடைத்த ரிப்போர்ட் நகலை மேஜையில் விரித்துக் கடைசி வரியில் விரலை வைத்தான். விஷயம் எனக்கு முதல் நாள் நான்கு மணிக்கே தெரியும், தம்பி என்பதால் மறுநாள் ஒன்பது மணி வரை எழுதாமல் வைத்திருந்தேன், அது என் தவறு என்று அதில் எழுதியிருந்தேன். அதற்கு எனக்கும் ஒரு மெமோ வந்தது, கிடக்கட்டும். இதை உன்கிட்ட யாருக்கா கேட்டா என்றான். யாரும் கேட்கலடா, நடந்தது அதுதானே என்றேன். நீ கொஞ்சம்கூட யோசிக்காம எழுதிட்டேன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன், பதினேழு மணி நேரம் எனக்காக வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தியாக்கா என்றான். நான் தட்டை எடுத்து வைத்தேன், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

அவனுக்குப் போன் பண்ணு. ஆறுதல் சொல்லாதே, வகுப்பில் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று கேள், வாத்தியாரை நன்றாகத் திட்டுவான், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள். எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றாயே, இந்த வாரமே போய் மாற்று, அடுத்த வாரம் என்கிற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

உன்னைத் திட்டவும் கொஞ்சவும் உரிமையுள்ள,
அம்மா