மூன்றரை அடி

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. ஆமாம், நானேதான். யாரையும் பக்கத்தில் உட்காரவைத்து எழுதச் சொல்லவில்லை. எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஏறச் சொன்னால் இறங்குகிறது, இறங்கச் சொன்னால் கீழ் வரியின் தலையில் போய் மிதிக்கிறது. ஆயுள் முழுக்கச் சம்மட்டி பிடித்துச் சுவர் இடித்த கைக்குப் பேனா பிடிப்பது கொசுவை உயிரோடு பிடிப்பதுபோல இருக்கிறது, அழுத்தினால் நசுங்குகிறது, தளர்த்தினால் பறக்கிறது. இரண்டு பேனாவை முறித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். எலும்பில் ஒன்றும் பல்லில் இரண்டும் போக மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் ஒன்றுகூடக் குறையாமல் நலமாக இருக்க வேண்டும்.

போனில் நீ இரண்டு விஷயம் கேட்டாய். புது வீட்டுக்குக் குறைந்த விலையில் டவர் ஸ்பீக்கர் வாங்கப்போகிறோம், தம்பி வாங்கினானாமே, எதைப் பார்த்து வாங்குவது என்று ஒன்று. தம்பி கையில் என்ன கட்டு, அம்மாவைக் கேட்டால் ஏன் பேச்சை மாற்றுகிறாள் என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில்தான், அதனால்தான் உன் அம்மாவால் ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க முடியவில்லை. ஸ்பீக்கர் என்று எழுதியிருக்கிறேன் பார்த்தாயா, அந்த ஸ் போன வாரம்தான் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். கொஞ்சம் முன்னாலேயே சொல்லிக்கொடுத்திருந்தால் உன் தம்பியின் கை உடைந்திருக்காது.

போன வருஷம் கீழ் வீட்டு லாரி மெக்கானிக்கோடு வண்டி நிறுத்துகிற இடத்துக்காகச் சண்டை போட்டு உன் தம்பி அவன் முன்பல்லை உடைத்ததும், மறுநாளே மருமகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் உனக்குத் தெரியும். வாசலில் நின்று அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள், "கைய வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியாத ஆளோட என்னால இருக்க முடியாது மாமா, இன்னிக்கு அவன் பல்லு, நாளைக்கு யாருதோ." அதற்குப் பிறகு உன் தம்பி யார்மேலும் கை வைக்கவில்லை. கிடங்கில் வேலை முடிந்து வந்ததும் சண்டைப் படம் போட்டு உட்கார்ந்துவிடுவான். "அடிக்கிறதெல்லாம் அவங்களே அடிக்கட்டும்பா, நான் பாத்துக்கறேன்" என்பான். அதிலும் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு, பார்த்துக்கொண்டே இருக்கும்போது விரல்கள் தானாக மடங்கும். ஆனால் டிவிப் பெட்டியின் சத்தம் தகர டப்பாவுக்குள் எலி ஓடுவதுபோல இருந்தது. ஒரு ஆளைக் கண்ணாடிக் கதவோடு சேர்த்து வெளியே எறிகிறார்கள், டீஸ்பூன் விழுந்த சத்தம் கேட்கிறது, அவனுக்கு எப்படி ஆறும். சரி, கையில் இருப்பதற்குள் நல்லதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்குவோம் என்று இருவரும் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஆள், வாய் நீளம். நான் ஒவ்வொரு பெட்டியாக விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், சுவரைத் தட்டி உள்ளே செங்கல்லா வெறும் பலகையா என்று பார்த்துப் பழகியவன் அல்லவா. "ஐயா, எத்தனை தட்டினாலும் உள்ள இருந்து யாரும் தெறக்க மாட்டாங்க" என்றார். நான் விடாமல் எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்து, இருப்பதிலேயே கனமானதைக் காட்டி இதுதான் நல்லது என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கனமெல்லாம் அடியில இருக்கற சிமெண்ட் பலகைங்க. அதக் கழட்டிட்டா காத்துல பறந்துரும்." உன் தம்பி பென்டிரைவில் கொண்டுபோயிருந்த ஒரே சண்டைக் காட்சியை எல்லாவற்றிலும் போடச் சொன்னான், கிடங்குக்குள் ஒருவனைப் பதினைந்து பேர் சூழ்ந்து அடிப்பது. முதல் பெட்டியில் அறை விழுந்தது ஈரத்துணி துவைப்பதுபோல இருந்தது. இரண்டாவதில் எலும்பு நன்றாக முறிந்தது, ஆனால் முறிந்தவன் என்ன கத்துகிறான் என்று ஒரு வார்த்தை புரியவில்லை. மூன்றாவது தூண்போல நிற்கும் ஒல்லியான கறுப்பு டவர். அதில் முதல் குத்து விழுந்ததும் நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டேன். செத்தவனின் கடைசி மூச்சுகூடத் தெளிவாகக் கேட்டது. "மூணரை அடிங்க இது, சின்ன ஆம்ப்ளிஃபையர்லயே அடி சும்மா நெஞ்சுல விழும்" என்றார் கடைக்காரர். எனக்கு ஒரே பூரிப்பு. உயரமும் அடி, அடிப்பாகமும் அடி, உதையும் அடி, இரண்டே எழுத்து, இரண்டும் நான் எழுதிப் பழகிய எழுத்து.

நீ வாங்கும்போது இதையெல்லாம் கவனி. பெட்டியின்மேல் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாதே, குறைந்த விலைப் பெட்டியில் அதை வாய்க்கு வந்தபடி அச்சடித்திருப்பார்களாம். குறைந்த மின்சாரத்தில் எவ்வளவு சத்தம் தருகிறது என்று கேள், அதுதான் உன் ஆம்ப்ளிஃபையரைக் காப்பாற்றும். பெட்டியில் காற்றுப் போகிற ஓட்டை பின்பக்கம் இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்காதே, சத்தம் சுவரில் மோதிக் குழம்பிவிடும், தள்ளி வைக்க இடமில்லை என்றால் ஓட்டை முன்பக்கம் இருப்பதாகப் பார். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதே, நல்ல ஜோடி ஒன்று முதலில், பேச்சுக்கென்று நடுவில் வைக்கும் பெட்டி அப்புறம். உனக்குத் தெரிந்த படத்தைக் கொண்டுபோய்ப் போட்டுக் கேள், அவர்கள் போடுவதைக் கேட்டு மயங்காதே. மாப்பிள்ளையைத் தனியாக அனுப்பாதே.

இப்போது கைக்கு வருகிறேன். பெட்டிகளை மறுநாள் சாயங்காலம் அனுப்புவதாகக் கடையில் சொன்னார்கள். அதே சாயங்காலம் மருமகளும் மீதி இருக்கும் துணிமணிகளையும் சர்ட்டிபிகேட்டுகளையும் எடுத்துக்கொண்டு போக வருவதாகச் சொல்லியிருந்தாள். எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்துச் சத்தத்துக்காகக் கீழ் வீட்டோடு தகராறு வந்துவிடக் கூடாதே என்று, நான் முந்திக்கொண்டு மெக்கானிக்குக்கு மரியாதையாக ஒரு சீட்டு எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளினேன். நான் வெளியாளுக்கு எழுதும் முதல் கடிதம். தெரியாத எழுத்து வந்தால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதுங்கள், படிப்பவர் புரிந்துகொள்வார் என்று வகுப்பில் டீச்சர் சொல்லியிருந்தார். ஸ் தெரியாததால் ஸ்பீக்கரை விட்டேன், டவரை மட்டும் எழுதினால் மாடியில் செல்போன் டவர் வைக்கப்போவதாக நினைப்பான் என்று அதையும் விட்டேன். மிச்சம் இப்படி இருந்தது. மெக்கானிக் அவர்களுக்கு. நாளை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு இரண்டு வருகிறது. இரண்டும் மூன்றரை அடி. என் மகன் தயாராக இருக்கிறான். அடி உங்கள் வரைக்கும் வந்தால் சொல்லுங்கள். தாங்க முடியாவிட்டால் குறைத்துக்கொள்வோம்.

மகளே, சிரிக்காதே. மெக்கானிக் அதை உட்கார்ந்து மூன்று முறை படித்திருக்கிறான். மூன்றரை அடியில் இரண்டு உருட்டுக்கட்டை வருகிறது என்று முடிவு கட்டி, தன் மச்சான்கள் இரண்டு பேரையும் வரவழைத்து, பட்டறையிலிருந்து இரும்புத் தடிகளோடு காத்திருந்திருக்கிறான். முதல் டவர் மேலே போய்விட்டது. இரண்டாவதை மேல் நுனியில் உன் தம்பியும் கீழ் நுனியில் நானுமாகப் படியில் தூக்கிக்கொண்டு போகிறோம், உறை போட்ட நீளமான பொருள், தூரத்திலிருந்து பார்த்தால் என்னவென்று தெரியாது. திருப்பத்தில் அவர்கள் கதவு திறந்தது. "வாடா, மூணரை அடியா, இந்தா அளந்து பாரு" என்று கத்திக்கொண்டே மெக்கானிக் தடியை இறக்கினான். உன் தம்பியின் இடது முன்கையில் விழுந்தது. நான் எத்தனையோ உத்தரங்களை முறித்திருக்கிறேன், காய்ந்த உத்தரம் முறிகிற அதே சத்தம். அவன் கையை விட்டிருந்தால் டவர் நேராக என் நெஞ்சில் வந்து என்னைப் படியோடு உருட்டியிருக்கும். அவன் விடவில்லை. உடைந்த கையோடு, மார்போடு அதை அணைத்துக்கொண்டு நின்றான், முதுகில் இன்னும் இரண்டு விழுந்தது, ஒன்று காதை உரசிச் சட்டையெல்லாம் ரத்தம். "அப்பா, கீழ வைங்க, மெதுவா வைங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சொன்னான். பெரிய மச்சான் என் வாயில் குத்தினான், பல் இரண்டு நாக்கில் கூழாங்கல்லாக உருண்டது, துப்பிவிட்டு அவன் முழங்காலில் ஓங்கி ஓர் உதை விட்டேன், மடங்கி விழுந்தான். இந்த வயதிலும் குறி தப்பவில்லை என்பதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், உன்னிடம் எதற்கு மறைக்க. அதற்குள் உன் அம்மா குக்கர் மூடியோடு இறங்கி வந்து சின்ன மச்சானின் மண்டையில் வைத்தாள், அவன் அவள் கையைப் பிடிக்க, அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் போட்ட கூச்சல் எந்த ஸ்பீக்கரிலும் வராது.

டவர் தரையில் நின்றது. மெக்கானிக் மறுபடி தடியை ஓங்கினான், எங்கள் ரத்தத்திலேயே அவன் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தான், தடி படியில் உருண்டு போயிற்று. உன் தம்பி அவன்மேல் குனிந்து நின்றான். வலது கை நன்றாகத்தான் இருந்தது. முஷ்டி மேலே போனதை நான் பார்த்தேன். நிஜத்தைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அடிடா என்றுதான் என் மனசு கத்தியது. அவன் அப்படியே நின்றான், முஷ்டி தலைக்குமேலேயே நின்றது, பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து டவரின் உறையில் கிழிசல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஆரம்பித்தான். படிக்குக் கீழே, கையில் காலிப் பையோடு மருமகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது.

அவள்தான் மேலே வந்து முதலில் பேசினாள், எதுக்கு இது என்று. மெக்கானிக் கிடந்த இடத்திலிருந்தே சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினான். "எழுதியே குடுத்துட்டு அடிக்க வர்றாங்க, படிச்சுப் பாரும்மா." அவள் சத்தமாகப் படித்தாள். என் எழுத்தை ஒருவர் எங்கும் தடுக்காமல் படித்து அன்றுதான் கேட்டேன், வாயெல்லாம் ரத்தமாக இருந்தும் பெருமையாக இருந்தது. அப்புறம்தான் அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே புரிந்தது. உறையைக் கிழித்துக் காட்டி "ஸ்பீக்கருடா, ஸ்பீக்கரு" என்றேன். மெக்கானிக் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அந்த ஒரு வார்த்தையை எழுதறதுக்கு என்ன கேடு உங்களுக்கு?" "அந்த எழுத்து இன்னும் வரலப்பா" என்றேன். பெரிய மச்சான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு எங்கள் எல்லோரையும் மெக்கானிக்கின் வேனில்தான் கொண்டுபோனார்கள், அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், யார் முதலில் உள்ளே போவது என்று அங்கேயும் ஒரு சின்னத் தகராறு. மறுநாள் அவன் பழைய டயரிலிருந்து ரப்பர் துண்டு வெட்டி எடுத்துவந்து டவர்களின் காலுக்குக் கீழே வைத்தான். அடி கீழ் வீட்டுக்கு இறங்காமல் இருக்க நீயும் அப்படி ஏதாவது வைத்துக்கொள். மன்னிப்பு அவன் கேட்கவில்லை, தன் உடைந்த பல்லைத் தொட்டுக் காட்டி, "இதுக்கும் அதுக்கும் சரியாப் போச்சு" என்றான், உன் தம்பி தலையாட்டினான்.

இதை உனக்கு எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து எங்களோடு வந்தாள். துணி எடுத்துவைக்கப் பையைத் திறக்கவில்லை. கட்டுப் போட்ட கையோடு உன் தம்பி சாய்ந்து கிடக்க, எதிரில் உட்கார்ந்து கேட்டாள், "கையில பெட்டி இருந்ததால அடிக்கலையா, வேண்டாம்னு அடிக்கலையா?" வேண்டாம் என்றுதான் அடிக்கவில்லை என்று அவன் சொல்லிவிட வேண்டும், அதற்கு நானே சாட்சி சொல்லலாம் என்று இருந்தேன். அவன் கட்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே பேசினான். "பெட்டி இருந்த வரைக்கும் அப்பா கீழ இருந்தாரு, விட முடியல. அதுக்கப்புறம் கை காலியாத்தான் இருந்துச்சு, ஓங்கிட்டேன். ஏன் எறக்கலன்னு எனக்கே தெரியல" என்றான். முட்டாள், கையில் வந்ததைக் கோட்டை விட்டானே என்று நான் பல்லைக் கடிக்கப் பார்த்தேன், கடிக்கப் பல் இல்லை. அவள் சொன்னாள், "ஓங்கினதப் பாத்தேன். நீயே சொல்றியான்னுதான் கேட்டேன்." அவ்வளவுதான். எழுந்துபோய்க் கத்தரிக்கோலைத் தேடினாள். அன்றிலிருந்து, கட்டு நுழைவதற்காக அவன் சட்டைகளின் இடது கையை வெட்டி ஓரம் தைத்துக்கொண்டிருக்கிறாள். கட்டு இருக்கும் வரைக்கும் ஒன்றிரண்டு சட்டை போதும், அவளோ அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துப்போட்டுக்கொண்டு தைக்கிறாள். நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை, நீயும் போனில் கேட்டுவைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் நல்ல பேச்சும் நல்ல தூக்கமுமாக, யார் அடியும் படாமல், நெடுநாள் வாழ வேண்டும். கீழ் வீட்டாரிடம் எதுவானாலும் நேரில் போய்ச் சொல். பெட்டி வந்ததும் எந்தப் படம் போட்டாய் என்று எழுது, மெதுவாக ஆனாலும் நானே படிப்பேன். அடுத்த வாரம் வகுப்பில் ஹ சொல்லித் தருகிறார்களாம், அதையும் வைத்து உனக்கு ஒன்று எழுதாமல் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா (சொந்தக் கையெழுத்து)