முப்பத்து மூன்று அங்குல வாசல்

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் மூன்று இடத்திலும் ஆள் காட்டியாயிற்று. மாடி வீட்டில் ஒரு கொத்தனார், கடைக் கட்டடத்தில் ஒரு பெயின்டர், டிரைவர் சார் வீட்டில் டைல்ஸ்காரர். ஓர் ஆள் கண்ணில் பட்டால் போதும், வீட்டுக்காரர் வாயைத் திறக்க மாட்டார். பதினோரு வருஷமாகக் கட்டட வேலை எடுத்துச் செய்து நான் கற்ற வித்தை இதுதான். மூன்று வேலையும் முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரு மாதமாக அதே முக்கால்வாசி.

டிரைவர் சார் இன்று கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், கத்தினால் தெருமுனை வரை கேட்கும். அவர் மனைவி தையற்கடை வைத்திருந்தவர். முதுகில் ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இனி சக்கர நாற்காலிதான். அவருடைய தையல் அறையைப் படுக்கையறையாக்கி, ஒட்டினாற்போல ஒரு குளியலறை கட்டித் தருவது என் வேலை.

“பதினேழாம் தேதி டிஸ்சார்ஜ். பாத்ரூமுக்குத் தானாப் போய்வர முடிஞ்சாதான் வீட்டுக்கு வருவேன்னு நிக்கிறா. இல்லன்னா ஏதாவது முதியோர் இல்லத்துல சேத்துடுன்னு பையன்கிட்ட சொல்லிட்டா. அவனும் இடம் பாத்து வெச்சுட்டான்.”

“ரெண்டு நாள்ல முடிச்சிடலாம் சார்” என்று என் வாய் தானாகச் சொன்னது. எந்த ரெண்டு நாள்? எனக்கே தெரியாது.

மார்ச் 4, செவ்வாய்

இரவு என் கணவரிடம் புலம்பினேன். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மனுஷர், எதையும் அளவாகத்தான் பேசுவார். “மூணு பேர்கிட்ட திட்டு வாங்குறதுக்கு, ரெண்டு பேர்கிட்ட வாங்கிட்டு ஒரு வேலைய முடிச்சிடலாமே” என்றார், குழம்பில் உப்பு குறைவு என்று சொல்கிற மாதிரி. எரிச்சலாக வந்தது. சரியாகச் சொல்லிவிட்டாரே என்றுதான் எரிச்சல்.

மார்ச் 5, புதன்

எல்லா ஆட்களையும் டிரைவர் சார் வீட்டில் இறக்கிவிட்டேன். மற்ற இருவருக்கும் போன் செய்து உள்ளதைச் சொன்னேன் — பதினெட்டு வரை ஆள் வராது, பத்தொன்பதிலிருந்து கடை, அது முடிந்த பிறகு மாடி. கடைக்காரர் பத்து நிமிஷம் திட்டினார். மாடி வீட்டு அம்மா, “ஒரு தேதின்னு ஒண்ணு உங்க வாயிலேர்ந்து வந்துச்சே, அதுவே பெருசு” என்றார். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

மிச்ச வேலையை வரிசைப்படி ஒரு தாளில் எழுதி அந்த அறைச் சுவரில் ஒட்டினேன். இருபத்தொன்று. தலைக்குள் வைத்திருந்தபோது ஐந்தாறுதான் இருந்த மாதிரி ஞாபகம்.

மார்ச் 7, வெள்ளி

சுவர்த் தாளில் ஒன்பது வேலையை அடித்தாயிற்று. சாமான் எல்லாம் முதல் நாளே வந்து கிடப்பதால் பிளம்பர் ஒரு தடவைகூடக் கடைக்கு ஓடவில்லை. பாவம், அவருக்குத்தான் பொழுது போகவில்லை.

குளியலறைத் தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாள் நிறுத்தினோம். டைல்ஸ்காரருக்குக் கடுப்பு. “ஒரு நாள் வீணாப் போகுதேக்கா.”

“ஒட்டினப்புறம் ஒழுகுச்சுன்னா எல்லாத்தையும் நீங்களே பேத்து எடுப்பீங்களா?”

டீ குடிக்கப் போய்விட்டார். ஒழுகவில்லை.

மார்ச் 8, சனி

காலையில் மரநிலையும் கதவும் மாட்டினோம். மாலை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“பாத்ரூம் வாசல் எவ்வளவு அகலம்?”

“முப்பத்து மூணு அங்குலம்மா. உங்க நாற்காலி இருபத்தாறு. தாராளமாப் போகும்.”

“அளவு எங்க எடுத்தீங்க? துணியிலயா, தச்சு முடிச்ச சட்டையிலயா?”

“புரியலையேம்மா” என்றேன்.

“துணியில முப்பத்து மூணு இருந்தா, தையலுக்குள்ள கொஞ்சம் போயிடுமேம்மா.”

நான் அளந்தது வெறும் செங்கல் வாசலை. நிலை மாட்டிய பிறகு டேப்பையே எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

விடிந்ததும் போய் அளந்தேன். நிலை இந்தப் பக்கம் இரண்டரை, அந்தப் பக்கம் இரண்டரை. மிச்சம் இருபத்தெட்டு. திறந்து நிற்கும் கதவின் தடிமன் ஒன்றரை. இருபத்தாறரை!

என் கணவர் தெரிந்தவரிடம் ஒரு சக்கர நாற்காலி இரவல் வாங்கிவந்தார். நானே உட்கார்ந்து உருட்டினேன். சக்கரம் நுழைந்தது, கை நுழையவில்லை. இரண்டு கையிலும் விரல் முட்டியில் தோல் உரிந்து, வாசலிலேயே மாட்டிக்கொண்டேன்.

எத்தனை கதவு வெச்சிருப்பேன் நான்? சக்கரத்தை ஒருத்தி கையாலதான் தள்ளணும்னு ஏன் தோணல? கையில என்ன டேப்பு வேண்டியிருக்கு எனக்கு — அழுகையா வந்துச்சு. அவர் என்னைப் பின்னால் இழுத்துவிட்டு, கைக்கு மருந்து தடவினார்.

மார்ச் 10, திங்கள்

சுவரை உடைத்து அகலமாக்கலாம் என்றார் மேஸ்திரி. உடைத்தால் வாசலுக்கு மேலே புதிதாக கான்கிரீட் போட வேண்டும், அது காய வேண்டும். பதினேழாம் தேதி கோவிந்தாதான்.

தச்சர் சுவரைத் தட்டிக்கொண்டே நின்றார். வாரத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். “நிலையே வேணாம்னா?” என்றார்.

நிலையைக் கழற்றிவிட்டு, படுக்கையறைப் பக்கம் வாசலுக்கு மேலே ஓர் இரும்புத் தடத்தை மாட்டி, அதில் கதவைத் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் தள்ளுவது. ஓரம் பூசிய பிறகும் முப்பத்திரண்டு நிற்கும். கதவு ஓடுகிற சுவரில் ஸ்விட்ச் பெட்டி இருந்தது. எலக்ட்ரீஷியன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அதை மறுபக்கம் மாற்றினார். நல்லவேளை, பெயின்ட் அடித்திருக்கவில்லை. எனக்கு மூச்சே இப்போதுதான் வந்தது.

மார்ச் 13, வியாழன்

மிச்சம் மூன்றே வேலை. நேற்று அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன்.

மார்ச் 15, சனி

முடிந்தது. கையில் இரண்டு நாள் இருக்கிறது. இப்படி ஒரு நிலைமை எனக்குப் பழக்கமில்லாததால் துடைத்த தரையையே மறுபடி துடைக்கச் சொன்னேன். ஆளாளுக்கு அந்த இரவல் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளே போய் வந்தார்கள். டைல்ஸ்காரர் மூன்று தடவை. சுவரில் பதித்த கைப்பிடிக் கம்பியில் டிரைவர் சார் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினார். அசையவில்லை.

மார்ச் 17, திங்கள்

பதினோரு மணிக்கு வந்தார்கள், மகனும் கூட. அந்த அம்மா அறையைச் சுற்றிப் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்கு உருட்டினார். வாசலில் நிறுத்தி, சக்கரத்துக்கும் சுவருக்கும் இடையே விரலை வைத்துப் பார்த்தார், இரண்டு பக்கமும். உள்ளே போனார். கதவை இழுத்துச் சாத்தினார். கொக்கி விழுந்தது.

வெளியே ஐந்து பேர் நின்றோம் — டிரைவர் சார், மகன், மேஸ்திரி, தச்சர், நான்.

“அம்மா, உதவி வேணுமா?” என்றார் மகன்.

டிரைவர் சார் கதவில் காதை வைத்தார். ரொம்ப நேரம் கழித்துத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“வெளிய எத்தனை பேர் நிக்கிறீங்க?” என்று உள்ளிருந்து குரல்.

“அஞ்சு பேரு” என்றார் டிரைவர் சார்.

“போய் அவங்கவங்க வேலையப் பாருங்க. எனக்கு நேரமாகும்.”

டிரைவர் சார் கட்டிலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகன் போனை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். அந்த இல்லத்துக்காரர்களிடம், அம்மாவுக்கு இடம் வேண்டாம் என்று சொல்வது எங்களுக்கெல்லாம் கேட்டது.