பராகாவின் பங்குச் சோறு

சிவமயம்

ரெனான்
14.09.2025, ஞாயிறு

அன்பு மகள் சரணியாவுக்கு,

இஞ்சை நானும் சித்தப்பாவும் உன்ரை தம்பி பிரவீனனும் தடிமன் காய்ச்சல் ஒண்டும் இல்லாமல் இருக்கிறம், நீயும் அந்த வெயிலுக்கையும் புழுதிக்கையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேணும் எண்டு காலமை விளக்குக் கொளுத்தேக்கை முருகனிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் பேனையை எடுத்தனான். சித்தப்பாவின்ரை முழங்கால் நோ அப்பிடியேதான் கிடக்குது, டொக்டர் உடம்பைக் குறைக்கச் சொல்லுறார், இவர் டொக்டரை மாத்துவம் எண்டுறார். நீ வேலை செய்யிற காட்டுக் காம்பைப் பாக்க ஆபிரிக்காவுக்கு வந்து போனதில இருந்து இவரின்ரை கதை முழுக்கச் சிங்கம்தான், ரெஸ்ரோறன்ற் குசினியில கூட வேலை செய்யிற போத்துக்கல்காரனுக்குச் சொல்லி முடிச்சு இப்ப கோயிலிலையும் சொல்லுறார், நாங்கள் கண்டது மூண்டு சிங்கம், போன வெள்ளிக்கிழமை அது ஏழாய் வந்திட்டுது. பிரவீனனுக்கு அப்ரொந்திசாஜ், அந்தக் கரண்ட் வேலை பழகுற படிப்பு, கடைசி வருசம், வயரும் கையுமாய்த் திரியிறான், வீடு அவனுக்குச் சாப்பிடவும் படுக்கவும்தான். நானும் பள்ளிக்கூடம் துடைக்கிற வேலைக்குத் திரும்பிப் போறன், லீவுக்கை எவ்வளவு துப்புரவாய்க் கிடந்த பள்ளிக்கூடம், இப்ப பழையபடி மேசைக்குக் கீழை சுவிங்கம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை, அங்கை வந்து பாக்கேக்கை உன்ரை தலைமயிர் தும்புத்தடி மாதிரிக் கிடந்தது, மற்றாக்களுக்கு முன்னாலை சொல்லக்கூடாது எண்டு விட்டனான்.

சரி, விசயத்துக்கு வாறன். வியாழக்கிழமை போனில நீ பராகாவைப் பற்றிச் சொன்னாய். எங்கட கூடாரத்தைக் கூட்டித் துடைச்சு, குளிக்கச் சுடுதண்ணி கொண்டுவந்து ஊத்தின மனுசன், நாலு பிள்ளையளின்ரை தேப்பன். நாங்கள் இருந்த ஒன்பதாம் நம்பர் கூடாரத்துக்குப் பின்னாலை தட்டைக் கல்லில ஆரோ சோறு வைச்சுப் பழக்கி, அந்த நாய்மூஞ்சிக் குரங்கு, பபூன், சாப்பாடு தேடிக் கூடாரத்துக்கையே வந்து ஒரு ஜேர்மன்காரப் பொம்பிளையின்ரை கையைக் கடிச்சிட்டுதாம், எட்டுத் தையலாம். கடிச்ச குரங்கை வனத்துறை ஆக்கள் வந்து சுட்டுப்போட்டினமாம். சோறு தின்னுறது வேலையாக்கள்தானே, அந்த வரிசைக் கூடாரங்கள் பராகாவின்ரை பொறுப்பு, அவர்தான் மிச்சச் சோத்தைக் கொட்டியிருக்கிறார் எண்டு உங்கட மனேஜர் மனுசி முடிவெடுத்திட்டா, கேட்டால் அவர் ஓம் எண்டும் சொல்லுறார் இல்லை, இல்லை எண்டும் சொல்லுறார் இல்லை, வாற வெள்ளிக்கிழமை கூட்டம் வைச்சு வேலையால நிப்பாட்டப் போறம், அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதவேண்டி வந்திட்டுது எண்டு நீ சரியாய் மனம் நொந்து சொன்னாய். நான் அதைக் கேட்டு ஐயோ பாவம் எண்டு சொல்லிப்போட்டு, கையோடை தமிழ்க் கடையில நல்ல முருங்கைக்காய் வந்திருக்கு எண்டு கதையை மாத்தினனான். உனக்கு நினைவிருக்கும். பிள்ளை, அந்தச் சோத்தைக் கல்லில வைச்சது பராகா இல்லை. நான்.

போனிலயே சொல்லியிருக்கலாம்தான். பேந்து ரெண்டு தரம் எடுக்கப் பாத்தனான், எடுத்தால் நீ பரவாயில்லை சித்தி, நான் பாத்துக்கொள்ளுறன் எண்டு சொல்லுவாய், நானும் சரி எண்டு போனை வைச்சுப்போட்டுத் தேத்தண்ணி குடிப்பன். கடுதாசி எண்டால் மற்றாக்களுக்குக் காட்டலாம். அதுதான் எழுதுறன், பிரவீனன் இதைப் படம் பிடிச்சு இண்டைக்கே உன்ரை போனுக்கு அனுப்புவான்.

விதி தெரியாமல் செய்திட்டன் எண்டு சொன்னால் அது பொய். நாங்கள் வந்து இறங்கின பின்னேரமே நீ எங்கள் ரெண்டு பேரையும் இருத்தி வைச்சு, காம்புக்கு நீயே எழுதின அந்த விதித் தாளைத் தமிழில வாசிச்சுக் காட்டினனீ. ஜீப்பால இறங்கப்படாது, கூடாரத்துக்கை சாப்பாடு வைக்கப்படாது, பழத்தோல் கூட வெளியில எறியப்படாது, எங்களைக் கண்டு ஒரு மிருகம் தன்ரை வழியை மாத்தினால் நாங்கள் கிட்டப் போயிட்டம் எண்டு அர்த்தம். நானும் கீழை கையெழுத்து வைச்சனான். அதிலை ஒவ்வொண்டும் ஏன் எண்டு கண்ணாலையும் கண்டனான். ரெண்டாம் நாள் அந்தப் புள்ளிச் சிறுத்தை குட்டியோடை கிடக்க, மற்றக் கொம்பனியளின்ரை ஜீப் பத்துப் பன்னிரண்டு சுத்தி வளைச்சு நிண்டது, எங்கட சாரதி தூரத்திலயே நிப்பாட்டி எஞ்சினையும் நூத்துப்போட்டு, அது இண்டைக்கு வேட்டைக்குப் போகேலாமல் கிடக்குது, நாங்களும் போய் நிக்கத் தேவையில்லை எண்டு திருப்பினவர். சித்தப்பா ஒரு படமும் எடுக்கேல்லை எண்டு மூஞ்சையை நீட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அந்தச் சாரதியில ஒரு மரியாதை வந்தது. காம்ப் எண்டாலே எங்களுக்கு ஆமிக் காம்ப், அகதிக் காம்ப் நினைப்புத்தானே வரும், இந்தக் காம்பில வேலை செய்யிறது முழுக்க அந்த ஊர்ச் சனம், வாறாக்களாலதான் அவையின்ரை கிணறும் பள்ளிக்கூடமும், காட்டைக் கெடுத்தால் அவையின்ரை வீட்டிலையும் அடுப்பெரியாது எண்டு நீ சொன்னதும் விளங்கினது. இஞ்சை ரெனானிலயும் எனக்கு இது புதுசில்லை. பல்கணியில சனிக்கிழமையில காகத்துக்குச் சோறு வைக்க, புறாவும் வாவியால கடல்பறவையளும் வந்து கீழ்வீட்டு மதாமின்ரை உடுப்பைப் பழுதாக்கி, வீட்டை வாடகைக்கு விடுற ரெஜியால கடிதம் வந்தது உனக்குத் தெரியும்தானே, அந்தக் கடிதத்தை எனக்கு வாசிச்சுக் காட்டினதே நீதான். அதால, தெரிஞ்சுகொண்டுதான் செய்தனான் எண்டு எழுதிக்கொள்ளுறன்.

நான் முதல் சோறு வைச்ச அண்டைக்கு ஆடித் தேய்பிறைப் பஞ்சமி. அக்காவின்ரை, உன்னைப் பெத்த அம்மாவின்ரை, திவசம். உனக்கு அது நினைவில்லை, நீ ரெண்டு நாள் ஊர்ச்சனத்தோடை கூட்டம் எண்டு விடிய வெளிக்கிட்டு ஓடினனீ, நானும் நினைவுபடுத்தேல்லை, உன்னைக் குறை சொல்ல எழுதேல்லை, அக்கா போகேக்கை உனக்கு ஆறு வயது. சித்தப்பா சிங்கம் பாக்க ஜீப்பில போயிட்டார். நான் விரதம் எண்டு நிண்டிட்டன். சாமான் எல்லாம் இஞ்சை இருந்து கொண்டுபோக நினைச்சது, அந்த எயார்ப்போட்டில பிளாஸ்ரிக் ஷொப்பிங் பையள் நாட்டுக்கை கொண்டுபோக ஏலாது எண்டு எல்லாத்தையும் பிரிச்சு, பருப்பும் எள்ளும் தூளும் என்ரை சால்வைக்கை கலந்துபோச்சு. காம்ப் குசினியில விருந்தாளிக்குச் சமைக்கிறது பாணும் முட்டையும் பண்டி இறைச்சியும், அதுக்கை நான் மச்சம் படாத சோத்துக்கு எங்கை போறது. பராகா கூட்ட வந்தவர். நான் போனில அக்காவின்ரை படத்தைக் காட்டி, கண்ணை மூடிக் காட்டி, வானத்தைக் காட்டி, மரத்தில இருந்த காகத்தைக் காட்டி, பேந்து சாப்பிடுற மாதிரிக் கையைக் காட்டினன். அவர் தொப்பியைக் கழட்டிக் கையில எடுத்தார். பேந்து மாமா எண்டு சொல்லிப்போட்டுப் போனார். முதல் நாள் அவர் என்னை மாமா எண்டு கூப்பிடச் சித்தப்பா தன்னையாக்கும் எண்டு திரும்பித் திரும்பிப் பாத்தவர், அவையின்ரை பாசையில அம்மாவுக்கு அப்பிடி எண்டு நீதான் சொன்னனீ. அரை மணித்தியாலத்தில ஒரு கோப்பையை வெள்ளைத் துணியால மூடிக் கொண்டுவந்தார், வெள்ளைச் சோறு, மேலை அவிச்ச பயறு மாதிரி ஒரு கறி. நான் குளிச்சு, திருநீறு பூசி, போனில இருந்த அந்தப் படத்துக்குப் படைச்சுப்போட்டு, கையளவு எடுத்து அந்தக் கல்லில வைச்சுக் கா கா எண்டு கூப்பிட்டன். அங்கத்தைக் காகத்துக்குக் கழுத்தில வெள்ளைத் துவாய் போட்ட மாதிரி இருக்குமெல்லே, ஒரு குரலுக்கு வந்திட்டுது பிள்ளை. இந்த நாட்டில இருபத்தெட்டு வருசமாய்க் கூப்பிடுறன், ஒருநாளும் வந்ததில்லை. மூண்டு தரம் கொத்திச் சாப்பிட்டுப்போட்டு என்னை ஒருக்கால் பாத்துப்போட்டுப் போனது. அக்கா வந்தவ எண்டுதான் நான் நினைச்சனான், அதை நான் இப்பவும் பிழை எண்டு சொல்லமாட்டன்.

அதோடை நிப்பாட்டி, மிச்சத்தை அள்ளிக்கொண்டு உள்ளுக்கு வந்திருந்தால் இந்தக் கடிதம் எழுதவேண்டி வந்திராது. நான் மிச்சத்தையும் அதிலயே விட்டன், சாப்பிட்டு முடிச்சு வந்து பாக்கக் கல்லுத் துடைச்ச மாதிரி இருந்தது, சந்தோசப்பட்டன். அடுத்த நாளும் பராகா கேக்காமலே கோப்பையைக் கொண்டுவந்தார், நான் திரும்பவும் வைச்சன். மூண்டாம் நாளும் வைச்சன். திவசம் ஒருநாள்தான். முதல் நாள் அக்காவுக்கு வைச்சது, மற்ற ரெண்டு நாளும் எனக்கு வைச்சது. மூண்டாம் நாள் மத்தியானம் வேலையாக்கள் மரத்துக்குக் கீழை கோப்பையோடை இருக்க, பராகா மட்டும் தேத்தண்ணியை வைச்சுக் குடிச்சுக்கொண்டிருந்தார். அப்பதான் அந்தச் சோறு ஆரின்ரை சோறு எண்டு எனக்கு விளங்கினது. குசினியில எடுத்துத் தாறார் எண்டு நினைச்சிருந்தன், அவர் தன்ரை பங்கைத் தந்திருக்கிறார். அண்டு பின்னேரம் ஜீப்பால திரும்பி வரேக்கை ஒரு பெரிய குரங்கு கல்லடியில குந்திக்கொண்டு எங்கட கூடார வாசலையே பாத்துக்கொண்டிருந்தது. சாப்பாடு பிந்தினால் சித்தப்பா குசினி வாசலைப் பாக்கிற மாதிரி இருக்கெண்டு நான் சிரிச்சனான். உன்னட்டைச் சொல்லேல்லை. அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டு வந்திட்டம். அந்தக் குரங்கைத்தான் சுட்டவை எண்டு நினைக்கிறன், அது ஒரு பாவமும் அறியாது, கல்லில சோறு இருந்தது, வந்தது, பேந்து இல்லை, உள்ளுக்கை தேடினது. அந்தப் பொம்பிளையின்ரை கைக்கும் நான்தான் காரணம்.

பராகா ஏன் வாய் திறக்கேல்லை எண்டு நான் மூண்டு நாளாய் யோசிக்கிறன். உன்னை வளத்த தாய் எண்டு பயந்தாரோ, செத்தாக்களின்ரை காரியம் வெளியில சொல்லப்படாது எண்டு நினைச்சாரோ, எனக்குத் தெரியாது. அவர் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை, நான் முருங்கைக்காய்க் கதை சொல்லிக்கொண்டு நிண்டனான். நேற்றுக் கோயிலில அவரின்ரை பேருக்கு அர்ச்சனை செய்யப் போனன், ஐயர் நட்சத்திரம் கேட்டார், தெரியாது எண்டன், அப்ப உங்கட நட்சத்திரத்தைச் சொல்லுங்கோ எண்டார், சரி, என்ரை பாவத்துக்கு என்ரை நட்சத்திரம் பொருத்தம்தான் எண்டு சொல்லிப்போட்டு வந்தன். ஆனால் அர்ச்சனையால அந்த மனுசனுக்கு வேலை திரும்பி வராது, நீ கூட்டத்தில சொன்னால்தான் வரும். இதைச் சொன்னால் விதி எழுதின பிள்ளையின்ரை வீட்டாக்களே விதியை முறிச்சவை எண்டு உங்கட மனேஜர் சொல்லுவா, உன்ரை பேருக்கும் ஒரு கறை விழும், அதுக்குப் பயந்துதான் நான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தது. சித்தப்பாவிட்டைச் சொல்ல அவர் சிங்கக் கதையையும் நடுவில விட்டிட்டு, சரணியா தாங்குவாள், அந்த மனுசனுக்கு வேறை என்ன கிடக்கு எண்டார். கடிதத்தின்ரை பின்பக்கத்தில பிரவீனன் நான் சொல்லச் சொல்ல இங்கிலீசில எழுதியிருக்கிறான், ஒன்பதாம் நம்பர் கூடாரம், எந்தெந்த நாள், எத்தினை மணி, ஆர் வைச்சது, ஆரின்ரை சோறு, எல்லாம் கிடக்கு. அதை ஒபிசுக்கை வைச்சு மெல்லமாய் வாசிக்காதை, கூட்டத்தில பராகா இருக்கேக்கை எல்லாருக்கும் கேக்க வாசி. உன்ரை கடிதத்தைக் கிழிச்சுப்போடு. என்னை இனி அந்தக் காம்புக்கு எடுக்கமாட்டம் எண்டு சொன்னால் அது சரியான விதி, நீ எனக்காக ஒண்டும் பேசக்கூடாது. உன்ரை தாளில இன்னும் ஒரு வரி சேர், சாமிக்கும் செத்தாக்களுக்கும் படைக்கிறதும் சாப்பாடுதான் எண்டு. எங்களை மாதிரி ஆக்களுக்கு அது எழுதினால்தான் விளங்கும்.

வாற சனி முதலாம் புரட்டாதிச் சனி, நான் விரதம், எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போவன், வெளியில சோறு வைக்கமாட்டன். அக்காவின்ரை திதியை நீ உன்ரை போனில குறிச்சு வை, ஆடித் தேய்பிறைப் பஞ்சமி. அடுத்த முறை அண்டைக்கு நீ எங்கை நிண்டாலும் மச்சம் தின்னாதை. காகத்துக்கு ஒண்டும் வைக்கவேண்டாம், மச்சம் படாத சோறு ஒரு கோப்பை ஆக்கிப் பராகாவுக்குக் குடு, இருந்து சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்தில நில். அக்காவுக்கு அது போய்ச் சேரும். முருகன் உன்னை ஒரு முள்ளும் தைக்காமல் காக்கட்டும், நெடுக நல்லாயிரு. வெள்ளிக்கிழமையை மறவாதை.

கல்லில சோறு வைச்ச ஆள்,
உன்ரை சித்தி
இராஜேஸ்வரி நித்தியானந்தன்