அம்சா கொண்டுவந்த மூன்று அட்டைகள்

3.7.1972, திங்கள்

இன்று இருபத்திரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். பால்வாடி ஆரம்பித்த ஒரு மாதத்தில் இதுதான் முதல் தடவை. அன்னம்மாள் அக்கா உப்புமாவில் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றிச் சமாளித்தாள். சமைக்க, பிள்ளைகளைக் கூட்டிவர, மூக்கைச் சிந்திவிட, எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான்.

காலையில் அம்சாவின் அப்பா கண்ணாயிரம் வாசலில் வந்து நின்றார். நெசவாளி. தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். "ஒரு மாசமாச்சு, இன்னும் ஸ்லேட்டைத் தொடல. கதை கேட்டுக்கினு மணல்ல கோடு கிழிக்கிறதுக்கு எதுக்கும்மா இவ்ளோ தூரம்? நாங்க எழுத்து தெரியாதவங்க. வீட்ல சொல்லிக் குடுக்க ஆளில்லன்னுதான் அனுப்பறோம்" என்றார். நாலு வயசில் விரல் முதலில் மணலில் பழகட்டும், காது கதையில் பழகட்டும், ஸ்லேட்டு எங்கே போய்விடும் என்றேன். தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்ட ஆட்டம் இல்லை.

அம்சா இன்றும் வாய் திறக்கவில்லை. வீட்டில் ஓயாமல் பேசுவாளாம்.

5.7.72

பெயர் அட்டை செய்யப் போகிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் பெயர் எழுதிய அட்டை ஒன்று ஆணியில் தொங்கும். வந்ததும் தன்னுடையதை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். ஆஜர் எடுத்த மாதிரியும் ஆயிற்று, தன் பெயரைப் பார்த்துப் பழகின மாதிரியும் ஆயிற்று.

பால்வாடியை நடத்தும் மாதர் சங்கத்தில் அட்டை கேட்டால் அடுத்த வருஷம் வரும். இங்கேயோ பிள்ளையார்பாளையம் முழுக்கத் தறிக்கு மேல் ஜக்கார்டு பெட்டி, அதில் மாலை மாலையாக ஓட்டை போட்ட டிசைன் அட்டை. ஓட்டை இருக்கிறபடிதான் சேலையில் பூ விழும். தேய்ந்துபோனது வீட்டு மூலையில் கிடக்கும். ஆளுக்கு ஒன்று கொண்டுவாங்க என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

7.7.72

அட்டைகள் வந்தன. எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, ஓரம் பிய்ந்தவை. அம்சா மட்டும் மூன்று கொண்டுவந்தாள், மொரமொரவென்று, கறையே இல்லாமல். முதலில் அதைத்தான் வெட்டினேன். பாதிப் பாதியாக வெட்டி, இருபக்கமும் வெள்ளைத் தாள் ஒட்டி, தூரிகையில் பெயர் எழுதினேன். அம்சா பக்கத்திலேயே நின்றாள். அவள் பெயரைக் காட்டியதும் மை காயாத எழுத்தைத் தொட்டு விரலைப் பார்த்துக்கொண்டாள்.

10.7.72

அம்சா தன் அட்டையைத் தானே எடுத்தாள். இருபத்திரண்டில் அதை. யாரும் காட்டவில்லை.

18.7.72, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

பதினோரு மணிக்குக் கண்ணாயிரம் வந்தார். ஒரு கையில் அம்சாவைப் பிடித்துக்கொண்டு. அவள் கன்னம் சிவந்திருந்தது. புதுச் சேலை தறியில் ஏறியிருக்கிறதாம், மயில் டிசைன். ஒரு சாண் நெய்து பார்த்தால் எல்லா மயிலுக்கும் கழுத்தில் ஒரு வெட்டு. அடுக்கில் மூன்று அட்டை இல்லை. "பட்டைப் பிரிச்சு எடுத்துக்கினு ஒக்காந்திருக்கேன் ரெண்டு நாளா. அட்டை எங்கடின்னு கேட்டா டீச்சருன்னு கை காட்டுது" என்றார். ஆணி வரிசையைப் பார்த்தார். தாளைக் கிழித்துப் பார்த்தார். அடியில் அவருடைய ஓட்டைகள், பாதியாக வெட்டுப்பட்டு.

நான் என்ன சொன்னேன்? "எனக்குத் தெரியாதுங்க, குழந்தைதான் கொண்டுவந்துச்சு" என்றேன்.

அம்சா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

தெரியாதா எனக்கு? மற்ற அட்டையெல்லாம் கறுப்பு, இது மட்டும் பளிச்சென்று இருந்ததே. கண்ணில் பட்டது. நல்ல அட்டை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டேன், அதற்கு மேல் யோசிக்க இஷ்டப்படவில்லை. பழசு கொண்டுவா என்று சொன்னேனா? சொல்லவில்லை. நாலு வயசுப் பிள்ளைமேல பழியப் போட்டுட்டு நின்னேனே சுகுமாரி, நீயெல்லாம் ஒரு டீச்சரா?

19.7.72

பதினைந்து பேர். அம்சா வரவில்லை. அவள் அட்டை ஆணியிலேயே தொங்குகிறது.

20.7.72

பதினான்கு. "அந்தம்மா தறிச் சாமானை எடுத்துக்கினு வரச்சொல்லிப் பசங்களைப் பழக்குதாம்" என்று தெருவில் பேச்சு. அன்னம்மாள் அக்காதான் கேட்டுவந்து சொன்னாள்.

மாதர் சங்கச் செயலாளர் தயாவதி அம்மா மத்தியானம் வந்தார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இருபது பிள்ளைக்குக் குறைந்தால் சங்கம் இடம் தராது. ஆயுத பூஜைக்குள் இருபது சேர்ந்தால் நடத்தலாம், இல்லாவிட்டால் மூடிவிட்டு வேறு தெரு பார்க்கலாம் என்றார். வேறு தெரு எதற்கு? இந்தத் தெருவில் கெடுத்ததை இந்தத் தெருவில்தான் சரிசெய்ய வேண்டும்.

21.7.72

சாயங்காலம் கண்ணாயிரம் வீட்டுக்குப் போனேன். அவர் தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. அவர் மனைவி ஜெயம்மாள் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். அட்டைகளை வரிசையாகக் கயிற்றில் கோத்தது அவள்தானாம். ஒவ்வொரு அட்டையிலும் நம்பர் இருக்குமே, நடுவில் விட்டுப்போனது தெரியவில்லையா என்று கேட்டுவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. "எனுக்கு நம்பர் தெரியாதும்மா. அடுக்கி வெச்சபடி கோத்துக்கினே போனேன். அதுக்கு நானும் வாங்கிக் கட்டிக்கினேன்" என்றாள்.

அம்சா கதவுக்குப் பின்னால் நின்றாள். நான் உட்கார்ந்து கையை நீட்டினேன். உள்ளே போய்விட்டாள்.

வீடு வந்து சேர இருட்டிவிட்டது. நாங்கள் ஜைனர்கள், விளக்கு வைத்தபின் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. அண்ணன் ஜீவந்தரன், "பால்வாடி டீச்சருக்கு இன்னிக்கு உபவாசம்" என்று கேலி செய்தான். சிரிக்கவும் முடியவில்லை, பசியும் பொறுக்கவில்லை.

22.7.72, சனி

அட்டை அடித்துத் தருகிறவர் பெயர் பூவராகவன், இரண்டு தெரு தள்ளி. கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைந்து, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிப்பார். மயில் டிசைனின் தாள் அவரிடம் பத்திரமாக இருக்கிறது. உயிர் வந்தது எனக்கு. ஆனால் முன்னால் நாலு பேர் காத்திருக்கிறார்கள், பன்னிரண்டு நாள் ஆகும் என்கிறார். தாளைப் படித்துச் சொல்லும் பையனுக்கு மஞ்சள் காமாலை, ஊருக்குப் போய்விட்டான். தானே படித்துத் தானே அடிப்பதால் வேலை நகரவில்லையாம்.

நான் படிக்கிறேன் என்றேன். "இது புஸ்தகம் இல்லம்மா" என்றார். சொல்லிக்கொடுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

கறுப்புக் கட்டம் என்றால் அடி. வெள்ளைக் கட்டம் என்றால் விடு. இடமிருந்து வலம், ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி. "ரெண்டு அடி, மூணு விடு, ஒண்ணு அடி, அஞ்சு விடு." முதல் அரைமணி நேரம் நாக்கு தடுமாறியது. பிறகு ஓடியது.

25.7.72

பூவராகவன் வீட்டில் தாள் படித்துவிட்டு வர இருட்டிவிடுகிறது, நேற்றோடு மூன்று உபவாசம். அண்ணி இன்றிலிருந்து நாலரை மணிக்கே ஒரு டப்பாவில் சாதம் கட்டிப் பால்வாடிக்கு அனுப்புகிறாள். அவளுக்குக் கோவில் கட்டலாம்.

இன்று காலை பிள்ளைகளிடம் சும்மா சொல்லிப் பார்த்தேன்: கை தட்டினால் அடி, கையை விரித்தால் விடு. "ரெண்டு அடி, மூணு விடு." பதினான்கு பேரும் குதித்தார்கள். இந்தப் பேச்சு அவர்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். பிறகு தரையில் கட்டம் கிழித்து, அடிக்குப் புளியங்கொட்டை, விடுக்கு வெற்று இடம். ஒரு பிள்ளையும் வலதிலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒரு மாதமாக நான் மாரடித்துக்கொண்டிருந்த விஷயம் இது. இவர்கள் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறார்கள், நான்தான் கேட்கவில்லை.

27.7.72, வியாழன்

முன்னால் இருந்த நாலு பேர் வேலையும் முடிந்து, மூன்று மயில் அட்டைகளும் கிடைத்தன. நேரே கண்ணாயிரம் வீடு.

அவர் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரல் ஓடியது, உதடு அசைந்தது. இரண்டாவது அட்டையில் விரல் நின்றது.

"இங்க ஒண்ணு கூடிப்போச்சு."

தாளைப் பார்த்துத்தான் அடித்தது என்றேன்.

"போற பக்கம் ஏழு, வர்ற பக்கம் எட்டு. மயிலுக்குக் கழுத்துல கட்டி வந்திருக்குதா?"

அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பூவராகவன் தாளைப் பார்த்தார். ஏழுதான். நான் ஒரு வெள்ளைக் கட்டத்தையும் அடி என்று படித்திருக்கிறேன். கூடுதல் ஓட்டையை அவர் ஒட்டி அடைத்துக் கொடுத்தார், திரும்ப ஓடினேன். மூச்சு வாங்கியது.

"படிக்கத் தெரியாதுன்னு சொன்னீங்களே, இது என்ன? பத்தாவது படிச்ச நான் தப்பாப் படிச்சேன். நீங்க தாளே இல்லாமக் கண்டுபிடிச்சீங்க" என்றேன்.

"அது வேற, இது வேற."

"வேற இல்லைங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. தறிக்குப் பின்னால் அம்சா உட்கார்ந்திருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. சொன்னேன். அட்டை புதுசு என்று எனக்கு அன்றைக்கே கண்ணில் பட்டது. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தப்பு என்னுடையது, அம்சாவுடையது இல்லை. அவளைச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

ஜெயம்மாள் ராட்டையில் ஊடை நூலைத் தார் சுற்றுவதை நிறுத்தினாள். கண்ணாயிரம் அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். "நானும் கேக்காம அடிச்சுட்டேன்" என்றார். என்னிடம் இல்லை, தறியிடம் சொன்ன மாதிரி இருந்தது. அம்சாவை அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

28.7.72

வரவில்லை.

31.7.72

வரவில்லை. பதினான்கு பேர்.

2.8.72, புதன்

காலையில் ஆணியில் அம்சாவின் அட்டையைக் காணோம். யாரோ பிய்த்துப் போட்டுவிட்டார்கள் என்று அன்னம்மாள் அக்காவிடம் சத்தம் போட்டேன். அவள் பெட்டியைக் காட்டினாள். அட்டை பெட்டிக்குள் இருந்தது. அம்சா தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முகம் கழுவுகிற சாக்கில் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

14.8.72

பதினேழு பேர். ஸ்லேட்டு பற்றிக் கேட்கிற அப்பாக்களை இப்போது உள்ளேயே கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். கட்டத்தையும் புளியங்கொட்டையையும் பார்த்ததும் அவர்கள் வாயே "ரெண்டு அடி" என்று ஆரம்பித்துவிடுகிறது. ஒருவர் மகனுக்குக் குறுக்கே புகுந்து தானே விளையாடினார்.

வாரம் இரண்டு நாள் வீடு வீடாகப் போகிறேன். அம்மாக்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தார் சுற்றும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். இன்றைக்கு என்ன குழம்பு, பாவு எந்தக் கலர், காக்கா எங்கே போயிற்று, எதுவானாலும் சரி. எழுத்து தெரிய வேண்டாம். வாய் இருந்தால் போதும். அதற்கு இந்தத் தெருவில் பஞ்சம் இல்லை.

6.9.72

ஜெயம்மாள் முந்தானையில் ஒரு துண்டுச் சீட்டை முடிந்து வைத்திருந்தாள். ஒன்றிலிருந்து பத்து வரை நான் எழுதிக் கொடுத்தது. அம்சாவுக்கு என்றுதான் கேட்டு வாங்கியிருந்தாள். இன்று போனபோது தாயும் மகளும் அட்டைகளைத் தரையில் பரப்பி, சீட்டில் இருப்பதும் அட்டையில் இருப்பதும் ஒன்றா என்று வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பேருக்கும் சேத்துதாம்மா" என்றாள், கொஞ்சம் கூச்சத்தோடு. அடுத்த சீட்டு இருபது வரை எழுதிக் கொடுத்தேன்.

அம்சா பால்வாடியில் இன்னும் பேசவில்லை. அவசரம் எனக்கு மட்டும்தான்.

29.9.72

பத்தொன்பது. ஒன்று குறைகிறது. அன்னம்மாள் அக்கா தன் சர்ச்சுக்கு வருகிறவர்களிடம் கேட்கிறேன் என்றாள். யாரைக் கேட்டாலும் சரி, கேள் என்றேன்.

13.10.72, வெள்ளி

தயாவதி அம்மா வந்து தலை எண்ணினார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. இருபத்தொன்று. ஆணிகளில் ஒரு அட்டைகூட மீதியில்லாததைப் பார்த்துவிட்டு, "அது என்ன பெட்டி?" என்றார். ஆஜர்ப் பெட்டி என்றேன். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். போகும்போது உப்புமா நன்றாக இருந்தது என்றார். அக்கா தண்ணீர் கூட்டாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறார்.

17.10.72, செவ்வாய், விஜயதசமி

லீவு நாள்தான். ஆனாலும் எழுத்து ஆரம்பிக்கிற நாள் என்பதால் பால்வாடியைத் திறந்து தாம்பாளத்தில் நெல் பரப்பி வைத்தேன். நேற்றுத் தறிக்குப் பொட்டு வைத்து ஓய்வு கொடுத்தவர்கள் இன்று காலை நாலு இழை ஓட்டிவிட்டுப் பிள்ளைகளோடு வந்தார்கள்.

கண்ணாயிரம் கடைசியில் வந்தார். அம்சாவின் விரலைப் பிடித்து நெல்லில் எழுத வைக்கப் பார்த்தார். அவள் விரலை உருவிக்கொண்டு தானே எழுதினாள். அ கொஞ்சம் சாய்ந்து வந்தது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார், திருத்தவில்லை.

பிறகு கக்கத்தில் இடுக்கியிருந்த கட்டு ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். டிசைன் அட்டை, நூலால் கட்டினது, நாற்பது ஐம்பது இருக்கும். "புதுசாச் சேர்ற பசங்களுக்கு வேணுமில்ல" என்றார்.

கட்டைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறைதான், தெரிகிறது. இருந்தாலும் பட்ட பாடு பாடுதானே. "இது எல்லாம் பழசுதானே? தறிக்கு வேணாம்தானே?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்சா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"பழசுதான் டீச்சர். தறியில ஒரு நம்பரும் கொறையல, நானும் அம்மாவும் படிச்சுப் பாத்துட்டோம்."